கலைக்குப் போட்ட காசு

எழுதியவர்கள், வரைந்தவர்கள், படம் எடுத்தவர்கள், மேடை கட்டியவர்கள் எதில் பணம் போட்டார்கள்? எது அவர்களைத் தாங்கியது, எது கவிழ்த்தது? பெங்களூரிலிருந்து ஒரு கணக்கு.

1930ஆம் ஆண்டு பெங்களூரில், பாட்டி பார்த்துச் சொன்ன நல்ல நாளில், ஓர் இளைஞர் கடைக்குப் போய் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவந்தார். என்ன எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மனசுக்குள் ஒரு சின்ன ரயில் நிலையம் தெரிந்தது. அதுதான் மால்குடி. புரசைவாக்கத்தில் பிறந்து, மைசூரில் படித்த ஆர்.கே. நாராயண் தன் எழுத்து வாழ்க்கைக்குப் போட்ட முதல், அந்த நோட்டின் விலை.

அந்த முதல் உடனே திரும்பி வரவில்லை. பதிப்பாளர்கள் பலர் திருப்பி அனுப்பிய பிறகு, கிரஹாம் கிரீன் கையில் போய்ச் சேர்ந்து, 1935இல்தான் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' லண்டனில் வெளிவந்தது. பாராட்டு வந்தது, விற்பனை வரவில்லை. அவருடைய முதல் நான்கு நாவல்களையும் நான்கு வெவ்வேறு பதிப்பகங்கள் வெளியிட்டன என்பதிலிருந்தே அந்த நாட்களின் நிலவரம் தெரியும். இதற்கிடையில் வீட்டுச் செலவுக்காகச் செய்தித்தாளுக்குச் செய்தி சேகரித்துக் கொடுத்தார், வாராவாரம் 'தி இந்து'வுக்கு எழுதினார்.

1941இல் அவர் செய்த முதலீடு வேறு மாதிரி. 'இண்டியன் தாட்' என்ற ஆங்கிலப் பத்திரிகையைச் சொந்தமாகத் தொடங்கினார். மைசூரில் சிட்டி பவர் பிரஸ் நடத்திய சம்பத் அச்சடித்துக் கொடுத்தார். எழுதுவது, திருத்துவது, சந்தாக் கணக்கு, தபால் என்று எல்லாம் ஒருவர் தலையிலேயே விழுந்தது. சில இதழ்களோடு பத்திரிகை நின்றுபோனது. கணக்குப் புத்தகத்தில் அது நஷ்டம்.

ஆனால் அடுத்து நடந்ததைப் பார்க்க வேண்டும். உலகப் போரால் லண்டன் பதிப்பாளர்களோடு தொடர்பு அறுந்தது. நாராயண் 1942இல் அதே பெயரில் ஒரு பதிப்பகத்தைத் தொடங்கினார். இண்டியன் தாட் பப்ளிகேஷன்ஸ் என்ற அந்தப் பதிப்பகத்திலிருந்துதான் 1943இல் 'மால்குடி டேஸ்' வெளிவந்தது. அவர் புத்தகங்கள் இந்தியாவில் பல பத்தாண்டுகள் அவர் வீட்டுப் பதிப்பகத்தின் பெயரிலேயே விற்றன. அச்சகத்தில் காத்துக் கிடந்த நாட்களும் வீணாகவில்லை. ஒரு பத்திரிகை ஆசிரியரும் அவரை ஆட்டிப்படைக்கும் அச்சகக்காரரும் வருகிற 'மிஸ்டர் சம்பத்' நாவல் 1949இல் வந்தது. அதை ஜெமினி எஸ்.எஸ். வாசன் இந்தியில் படமாக்கினார்.

நஷ்டப்பட்ட ஒரு பத்திரிகை ஒரு பதிப்பகத்தையும் ஒரு நாவலையும் கொடுத்துவிட்டுப் போனது என்றால், அதை நல்ல முதலீடு என்பதா, கெட்ட முதலீடு என்பதா? கலைத் தொழிலில் இந்தக் கேள்விக்கு வட்டி விகிதம் பதில் சொல்லாது. போட்ட பணம் போன பிறகும் அடுத்த வேலையைத் தொடங்க முடிந்ததா என்று கேட்டால் பதில் கிடைக்கும். நாராயண் போட்டது தாங்கக்கூடிய தொகை. போனது பணம் மட்டும்தான், எழுதும் கை அப்படியே இருந்தது.

இன்றைய பெங்களூரில் இந்தக் கேள்விக்கு அவசரம் கூடியிருக்கிறது. சாஃப்ட்வேர் சம்பளத்தை விட்டுவிட்டு ஓவியம், அனிமேஷன், இசை, குறும்படம் என்று இறங்குபவர்கள் இந்த நகரத்தில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்களில் கணிசமானவர்கள் தமிழர்கள். கையில் கொஞ்சம் சேமிப்போடு வருகிறார்கள். முதல் வருடத்திலேயே அந்தச் சேமிப்பு எங்கே போகிறது என்பதில்தான் பலருடைய மூன்றாவது வருடம் நிர்ணயமாகிவிடுகிறது.

சம்பளம் என்ற முதலீட்டாளர்

நாடகாசிரியர் கிரீஷ் கார்னாடின் கதையை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டுத் திரும்பியவர் 1963இல் சென்னையில் ஆக்ஸ்ஃபோர்டு யூனிவர்சிட்டி பிரஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்தார். ஏழு வருடம் அங்கே இருந்தார். காலையில் அலுவலகம், மாலையில் மெட்ராஸ் பிளேயர்ஸ் குழுவோடு நாடகம். 'துக்ளக்' நாடகம் 1964இல் வந்தது. அதாவது, இந்திய நாடகத்தின் மிக முக்கியமான பிரதிகளில் ஒன்று மாதச் சம்பளக்காரர் ஒருவர் எழுதியது. ஹோமி பாபா ஃபெல்லோஷிப் கிடைத்த பிறகுதான் 1970இல் வேலையை விட்டார்.

வேலையை உதறிவிட்டு வந்தவர்தான் உண்மையான கலைஞர் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. அது பல நல்ல கைகளை முறித்திருக்கிறது என்றே நினைக்கிறேன். சம்பளம் ஒரு முதலீட்டாளரைப் போல. மாதாமாதம் பணம் தரும், கதையில் தலையிடாது, லாபத்தில் பங்கு கேட்காது. அது கேட்பது நேரம். அந்த நேரத்தில் மிச்சம் பிடிக்க முடிகிறவரை அதை விடுவதற்கு அவசரம் ஏதும் இல்லை. மிச்சமே இல்லாத வேலைகளும் உண்டு. இரவு பத்து மணிக்கு அமெரிக்காவோடு கால், மறுநாள் காலை வெளிவட்டச் சாலையில் இரண்டு மணி நேரம் என்றால் அப்படி உழைப்பவரைக் கார்னாட் கதையைச் சொல்லி ஆறுதல்படுத்த முடியாது. குறைந்த சம்பளத்துக்கு, வீட்டுக்குப் பக்கத்தில், ஐந்து மணிக்கு முடிகிற வேலைக்கு மாறுவதும் ஒரு முதலீடுதான்.

அதே மெட்ராஸ் பிளேயர்ஸ் வட்டத்திலிருந்துதான் 'சம்ஸ்காரா' உருவானது. யு.ஆர். அனந்தமூர்த்தியின் நாவல், கார்னாடின் திரைக்கதை, பட்டாபிராம ரெட்டியின் இயக்கம். 1970இல் வந்த அந்தப் படத்துக்கு ஆன செலவு ஒரு லட்சத்துக்கும் குறைவு. சிருங்கேரிப் பக்கம் ஒரு கிராமத்தில் எடுத்தார்கள். நடித்தவர்களில் பலர் நண்பர்கள். தணிக்கைக் குழு முதலில் தடை போட்டது. பெரிய கடன் வாங்கி எடுத்த படமாக இருந்திருந்தால் தடைக்காலத்தின் வட்டியே அதைக் கொன்றிருக்கும். சின்ன முதல் என்பதால் காத்திருக்க முடிந்தது. தடை நீங்கியது. சிறந்த படத்துக்கான தேசிய விருதை முதன்முதலில் வென்ற கன்னடப் படம் அதுதான்.

மெழுகும் மனையும்

'சம்ஸ்காரா'வின் கலை இயக்குநர் எஸ்.ஜி. வாசுதேவ். மைசூர்க்காரர், சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர், பின்னாளில் பெங்களூரில் குடியேறியவர். அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் தமிழ் மண்ணில் கலைஞர்கள் செய்த மிகச் சிறந்த முதலீட்டுக்கு வந்து சேரலாம். சோழமண்டலம்.

கல்லூரி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கருக்கு அறுபதுகளில் ஒரு கவலை இருந்தது. நன்றாக வரையும் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் பிழைப்புக்காக வேறு வேலைக்குப் போய்த் தூரிகையை மறந்துவிடுகிறார்கள். ஓவியம் விற்று வாழ முடியாத காலம் அது. ஆகவே கைவினைப் பொருள் செய்து விற்பது என்று கலைஞர்கள் சங்கமாகச் சேர்ந்து முடிவெடுத்தார்கள். அதில் முக்கியமானது பத்திக்.

பத்திக் வேலையை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் உழைப்பு தெரியும். மெழுகை உருக்கிச் சூடு ஆறுவதற்குள் துணியில் கோடு இழுக்க வேண்டும். கொஞ்சம் ஆறினால் மெழுகு துணிக்குள் இறங்காது, மேலேயே நின்றுவிடும். சூடு அதிகமானால் கோடு பரவிவிடும். பிறகு சாயத்தில் முக்கி, உலர்த்தி, அடுத்த நிறத்துக்காக மறுபடி மெழுகிட்டு, கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுக்க வேண்டும். துணி கசங்கும்போது மெழுகில் விரிசல் விட்டு, அதன் வழியே சாயம் இறங்கி நரம்பு நரம்பாக ஓடும். ஒவ்வொரு துணியிலும் அந்த நரம்பு வேறு வேறாக விழும்.

அப்படி விற்று வந்த காசில் அவர்கள் ஸ்டூடியோ வாடகை கட்டவில்லை, மண் வாங்கினார்கள். ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக, அன்றைக்கு ஊரே இல்லாத இடத்தில், ஏறத்தாழ 10 ஏக்கர். 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் பிறந்தது. குடிசையில் தொடங்கியவர்கள் பிறகு வீடு கட்டினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை வந்து அந்த நிலத்தின் மதிப்பு எங்கேயோ போய்விட்டது என்பது பலரும் சொல்லும் கதை. எனக்கு அதில் மதிப்பு முக்கியமில்லை. வீட்டு வாடகை என்ற ஒன்றே இல்லாத முப்பது நாற்பது வருடத்தை அந்த ஓவியர்களுக்கு அந்த மண் கொடுத்தது. விற்காத ஓவியத்தை வரையும் தைரியம் அதிலிருந்து வந்தது.

நாராயணும் இதையே தனியாளாகச் செய்தார். மைசூர் யாதவகிரியில் அவர் கட்டிய வீட்டில் உடனே குடும்பம் குடியேறவில்லை. லட்சுமிபுரத்து வீட்டில் எல்லாரும் இருக்க, இவர் பகலில் புதுவீட்டுக்குப் போய் மாடியில், நிறைய ஜன்னல்கள் உள்ள அறையில் உட்கார்ந்து எழுதிவிட்டுத் திரும்புவார். அந்த வீடு 2016இலிருந்து நினைவு இல்லமாக இருக்கிறது. மைசூர் போகும் பெங்களூர்த் தமிழர்கள் அரண்மனையோடு திரும்பிவிடாமல் அந்த அறையையும் பார்க்க வேண்டும்.

இன்றைக்குப் பெங்களூரில் மனை வாங்கு என்று இளம் ஓவியரிடம் சொல்வதில் அர்த்தம் இல்லை. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது இந்த ஊரின் பழைய வழக்கம். இப்போது ஐந்து ஆறு மாதத்துக்கு இறங்கிவரும் வீட்டுக்காரர்களும் உண்டு. அந்தத் தொகை வட்டியில்லாமல் இன்னொருவர் கையில் கிடக்கும், காலி செய்யும்போது பெயின்ட் என்று சொல்லிக் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே இந்திரா நகரில் கண்ணாடிக் கதவு போட்ட ஸ்டூடியோ எடுப்பதைவிட, நாலு பேர் சேர்ந்து நகரத்தின் ஓரத்தில் ஒரு பெரிய கூடம் எடுப்பது சோழமண்டலத்துக்கு அருகில் வரும் யோசனை. வாடிக்கையாளருக்காக அலங்கரித்த அறையில் வேலை நடப்பது குறைவு என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லென்ஸ் வாங்கு, கேமராவை வாடகைக்கு எடு என்று புகைப்படக்காரர்கள் சொல்வது இன்றும் சரி. லென்ஸ் பத்து வருடம் உழைக்கும். கேமரா பாடியின் விலை, அடுத்த மாடல் வந்ததும் விழும். ஈ.எம்.ஐ. முடிவதற்குள் பழசாகிவிடும் எதையும் கடனில் வாங்கக் கூடாது. வகுப்புகளுக்கும் இதே அளவுகோல்தான்: முடித்த பிறகு கையில் ஒரு வேலை இருக்கிறதா, சான்றிதழ் மட்டும் இருக்கிறதா என்று பார்த்துப் பணம் கட்ட வேண்டும்.

வீட்டை வைத்து விளையாடியவர்கள்

கெட்ட முதலீட்டுக்குத் தமிழ் வாசகருக்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. சாவித்திரி தெலுங்கில் வென்ற 'மூக மனசுலு' கதையைத் தமிழில் 'பிராப்தம்' என்று தானே தயாரித்து இயக்கினார். 1971இல் வந்தது. சிவாஜி இருந்தும் ஓடவில்லை. நஷ்டம் சொத்துகளைத் தின்றது. சந்திரபாபு 'மாடி வீட்டு ஏழை' என்று தொடங்கிய படம் பாதியில் நின்றது, ஆசையாகக் கட்டிய வீடும் கைவிட்டுப் போனது. இந்தக் கதைகளை விதி, குடி, துரோகம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கணக்காகப் பார்த்தால் இரண்டிலும் ஒரே தவறுதான். தொழிலில் போட்ட பணத்துக்கும் குடியிருக்கும் வீட்டுக்கும் நடுவே சுவர் இல்லை. படம் விழுந்தபோது வீடும் சேர்ந்து விழுந்தது.

'நாடோடி மன்னன்' எடுத்தபோது எம்.ஜி.ஆரும் எல்லாவற்றையும் வைத்துத்தானே ஆடினார் என்று கேட்கலாம். ஆமாம், 1958இல் அவர் வென்றார். வென்றவரின் துணிச்சலை நாம் பாடமாகச் சொல்கிறோம். அதே துணிச்சலோடு தோற்றவர்களின் பெயர் கோடம்பாக்கத்திலும் காந்திநகரிலும் பலருக்கு நினைவில்லை. பெங்களூரின் காந்திநகர் கன்னட சினிமாவின் கோடம்பாக்கம். அந்தத் தெருக்களில் எத்தனை தயாரிப்பாளர்கள் ஒரே படத்தோடு போனார்கள் என்பதற்குப் பழைய ஆட்களிடம் கேட்டால் பெயர் பெயராகச் சொல்வார்கள்.

தொழிலுக்கும் வீட்டுக்கும் நடுவே அந்தச் சுவரைக் கட்டிய படம் ஒன்று அதே காந்திநகருக்கு வெளியே உருவானது. யோகராஜ் பட்டின் படங்களில் எழுத்தாளராக இருந்துவிட்டு, 2011இல் 'லைஃபு இஷ்டேனே' இயக்கிய பவன் குமார், அடுத்த கதையைத் தூக்கிக்கொண்டு தயாரிப்பாளர்களிடம் போனார். வழி பிறக்கவில்லை. தன் வலைப்பூவில் நேரடியாகப் பார்வையாளர்களிடமே கேட்டார். 110 பேர் சேர்ந்து 27 நாளில் சுமார் 50 லட்ச ரூபாய் கொடுத்தார்கள். படம் 'லூசியா'. 2013 ஜூலையில் லண்டன் இந்தியத் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது வாங்கியது, செப்டம்பரில் பெங்களூரில் வெளியானது. சித்தார்த் நடித்து 2015இல் வந்த 'எனக்குள் ஒருவன்' அதன் தமிழ் வடிவம்.

மக்கள் பணத்தில் படம் என்பது புதிதில்லை. ஷியாம் பெனகலின் 'மந்தன்' 1976இல் வந்தது. குஜராத் பால் கூட்டுறவுச் சங்க விவசாயிகள் 5 லட்சம் பேர் தலைக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த படம். கார்னாட்தான் நாயகன். தங்கள் படத்தைப் பார்க்க அவர்கள் லாரி பிடித்து வந்தார்கள் என்று சொல்வார்கள். அதாவது, பணம் போட்டவரே முதல் டிக்கெட் வாங்குபவராகவும் இருந்தார். 'லூசியா'விலும் அதுவே நடந்தது. 110 பேரும் அவரவர் நண்பர்களிடம் படத்தைக் கொண்டுபோனார்கள். படம் தோற்றிருந்தால் ஒவ்வொருவருக்கும் வருத்தம் இருந்திருக்கும், யாருடைய வீடும் ஏலத்துக்கு வந்திருக்காது.

ஒரு எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். அதே வழியில் பவன் குமார் அடுத்து அறிவித்த படம் திரைக்கு வரவில்லை. கூட்டம் ஒரு முறை கொடுத்தது என்பதால் ஒவ்வொரு முறையும் கொடுக்கும் என்று திட்டமிட முடியாது. ஆனால் முதல் படம் அவருக்குக் கடன் வைத்துவிட்டுப் போகவில்லை. 2016இல் 'யு டர்ன்' எடுத்தார். அது தமிழிலும் தெலுங்கிலும் சமந்தாவோடு மறுபடி எடுக்கப்பட்டது.

கையெழுத்துப் போடும் முன்

பணம் போடுவதைப் பற்றியே பேசுகிறோம். எழுதியதை, வரைந்ததை யார் பெயரில் வைப்பது என்பது அதைவிடப் பெரிய முதலீடு.

பாரதி 1920இல் கடையத்திலிருந்து நண்பர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். தன் எழுத்தையெல்லாம் 40 பகுதிகளாக, பகுதிக்குப் 10,000 பிரதி அச்சிடப்போவதாகவும், ஆளுக்கு 100 ரூபாய் கடன் தந்தால் வட்டியோடு திருப்பித் தருவதாகவும் எழுதினார். நான்கு லட்சம் பிரதி! தமிழர் வீட்டில் தீப்பெட்டி இருப்பதுபோல் தன் புத்தகம் இருக்கும் என்று நம்பினார். நம்பிக்கை தப்பில்லை, காலம் அதை நிரூபித்தது. ஆனால் முதல் புத்தகம் வெளிவரும் முன்பே முழுத் தொகையும் வந்தாக வேண்டும் என்ற திட்டம் அது. பணம் வரவில்லை. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். பிறகு அவர் எழுத்தின் உரிமை கைமாறிக் கைமாறிப் போனது. பாடல்களை ஒலிபரப்பும் உரிமை தனியாகப் பிரிந்து கடைசியில் ஏவி.எம். வசம் வந்தது. 1949இல் சென்னை அரசு உரிமைகளை வாங்கிப் பொதுவில் வைத்தபோது செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்குமாகக் கிடைத்தது 15,000 ரூபாய்.

இதையும் நாராயணின் பதிப்பகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க மனசு கனக்கிறது. ஒருவர் ஒரே மூச்சில் நாற்பது தொகுதி கனவு கண்டார். இன்னொருவர் சின்னச் சின்னப் புத்தகமாக அச்சிட்டு உரிமையைக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

இன்றைய பெங்களூர் ஓவியருக்கு வரும் ஒப்பந்தங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: எல்லா உரிமையும், எல்லா ஊடகத்திலும், உலகம் முழுக்க, என்றென்றைக்கும். ஒரு செயலிக்கு வரைந்த பத்துச் சித்திரங்களுக்காக இப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு வருடம் கழித்து அதே சித்திரம் டீ-ஷர்ட்டில் வருவதைப் பார்த்து நொந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் சில இடங்களில் கலைஞருக்குத் துணை நிற்கிறது. எழுத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்து வருடத்துக்குத்தான். நாடு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். சட்டம் இடறும் இடமும் உண்டு. பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஆகவே ஓவியரும் புகைப்படக்காரரும் வாய்ப்பேச்சில் வேலை எடுக்கவே கூடாது. பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் நெடுநாள் போராடியதால் 2012இல் வந்த திருத்தம், அவர்களின் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது என்று ஆக்கியது.

வர வேண்டிய பணமும் முதலீடுதான். தனியாக வேலை செய்யும் டிசைனர், எடிட்டர் ஆகியோர் மத்திய அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகக் குறுந்தொழிலாகப் பதிந்துகொள்ளலாம். 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி வேலையைப் பெற்ற நிறுவனம் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 45 நாளில் கொடுக்காத தொகையை அந்த வருடத்துச் செலவாகக் காட்ட முடியாதபடி வருமான வரிச் சட்டத்திலும் ஒரு பிரிவு வந்துவிட்டது. வேலையை ஒப்படைக்கும் முன்பே பதிந்திருப்பது நல்லது. இன்வாய்ஸில் அந்தப் பதிவு எண்ணைப் பார்த்ததும் கணக்குப் பிரிவில் வேகம் கூடுவதாகப் பலர் சொல்கிறார்கள்.

ஜே.பி. நகரில் ஒரு மேடை

'மால்குடி டேஸ்' புத்தகம் வந்து நாற்பது வருடத்துக்குப் பிறகு அதைத் தூர்தர்ஷனுக்காக ஆகும்பேயில் எடுத்தவர் சங்கர் நாக். 1954இல் பிறந்தவர். நடிகர், இயக்குநர், நாடகக்காரர், எந்நேரமும் ஒரு புதுத் திட்டம் கையில் வைத்திருப்பவர். பாடல் பதிவுக்கும் டப்பிங்குக்கும் கன்னடப் படக்காரர்கள் சென்னைக்கு ரயிலேறிக்கொண்டிருந்த காலத்தில் பெங்களூரில் சங்கேத் ஒலிப்பதிவுக் கூடத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் தனிக் கட்டடம் கேட்ட கருவிகளின் வேலையை இன்று ஒரு மடிக்கணினி செய்கிறது. ஆனால் ஒலிப்பதிவு செய்ய இன்னொரு மாநிலத்துக்குப் போக வேண்டாம் என்ற நிலையை அன்றைக்கு உருவாக்கியதில் அந்த முதலீடு தன் வேலையை முடித்துவிட்டது.

1990 செப்டம்பர் 30. தாவணகெரே அருகே கார் விபத்தில் சங்கர் நாக் இறந்தார். வயது 35. இன்றும் பெங்களூரில் பல ஆட்டோக்களின் முதுகில் அவர் படம் இருக்கிறது.

அவர் மனைவி அருந்ததி நாக் 1992இல் சங்கேத் டிரஸ்டைத் தொடங்கினார். நாடகத்துக்கென்று ஓர் அரங்கம் கட்ட வேண்டும், அதுவும் நடிகரின் குரல் மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குப் போகிற அரங்கம். அரசு குத்தகைக்கு நிலம் கொடுத்தது. பணம் சேரப் பல வருடம் ஆனது. நிறுவனங்களிடம், தனி மனிதர்களிடம், நண்பர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தார். 2004 அக்டோபரில் ஜே.பி. நகரில் 'ரங்க சங்கரா' திறந்தது.

அங்கே ஏழரை மணி நாடகம் ஏழரைக்குத் தொடங்கும். கதவு மூடினால் மூடியதுதான். டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, போக்குவரத்து நெரிசலைக் காரணம் சொல்லி வாசலில் கெஞ்சுகிறவர்களை எத்தனையோ மாலைகளில் பார்க்கலாம். யாராக இருந்தாலும் உள்ளே விட மாட்டார்கள். கீழே உள்ள சிற்றுண்டிக் கடையில் ஜவ்வரிசி வடை சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் வரவுசெலவும் இருக்கிறது. சொன்ன நேரத்தில் தொடங்கி, சொன்ன நேரத்தில் முடியும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் நடுத்தர வர்க்கக் குடும்பம் வேலை நாளில் நாடகத்துக்குக் கிளம்பும். விடுமுறையான திங்கள் தவிர தினம் ஒரு நாடகம் என்று அவர்கள் போட்ட திட்டம் இருபது வருடத்துக்கும் மேலாக நடப்பதற்கு அந்த நம்பிக்கைதான் மூலதனம்.

இன்னொன்று, வாடகை. அரங்கை நடத்த ஆகும் செலவை முழுதாக நாடகக் குழுக்கள் தலையில் கட்டுவதில்லை. நன்கொடை, ஆதரவு நிறுவனங்கள் என்று வேறு வழியில் ஈடுகட்டிக்கொண்டு, குழுவிடம் வாங்கும் வாடகையைக் குறைவாகவே வைத்திருக்கிறார்கள். கல்லூரி முடித்த பத்துப் பேர் ஒரு நாடகம் போட்டு, பாதி இருக்கை காலியாக இருந்தாலும், அவர்கள் கடனாளியாகி வெளியே வருவதில்லை. அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை தொடங்கலாம். கன்னடம், ஆங்கிலம், இந்தி, தமிழ் என்று எல்லா மொழிக்காரர்களுக்கும் இதே ஏற்பாடுதான். ஒரு தனி மனுஷியின் துக்கத்திலிருந்து பிறந்த முதலீடு, முகம் தெரியாத நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தோற்றுப்பார்க்கும் உரிமையை வாங்கிக் கொடுத்திருக்கிறது. நான் அறிந்தவரை இந்த ஊரில் கலைக்குப் போட்ட காசில் மிக நல்ல காசு அது.

ஒயிட்ஃபீல்டு பக்கம் ஜக்தீஷ் ராஜா, அருந்ததி ராஜா தம்பதி தங்கள் சொந்த நிலத்தில் 'ஜாகிருதி' அரங்கத்தை 2011இல் திறந்தார்கள். ஹெசரகட்டாவில் அரசு குத்தகைக்குக் கொடுத்த நிலத்தில் புரோதிமா பேடி 1990இல் தொடங்கிய 'நிருத்யகிராம்' அவர் மறைவுக்குப் பிறகும் ஒடிசி கலைஞர்களை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களை எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். அல்சூரிலும் கே.ஆர். புரத்திலும் வாழும் லட்சக்கணக்கான தமிழர்களின் பிள்ளைகள் ஒத்திகை பார்க்க இன்னும் மொட்டை மாடியையும் கல்யாண மண்டபத்தின் காலி நாளையும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். புது லேஅவுட் போடும்போதெல்லாம் பொதுப் பயன்பாட்டுக்கு என்று மனை ஒதுக்கச் சட்டம் இருக்கிறது. அவற்றில் வார்டுக்கு ஒன்று, குறைந்த வாடகையில், ஒரு ஒத்திகைக் கூடமாகட்டும். ஜே.பி. நகரில் ஒரு முறை செய்து காட்டிய ஏற்பாட்டைத்தான் கர்நாடக அரசிடம் மறுபடியும் கேட்கிறோம்.